சம்பந்தி கொடுத்த வண்டி நடுத்தெருவில் நிற்பது குறித்து

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே வண்டியைத் தவிர எல்லோரும் நலம். அங்கே தாங்களும் சம்பந்தியம்மாவும், தாங்கள் புதிதாக வாங்கியிருக்கும் வண்டியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தங்கள் மருமகள், அதாவது என் மகள், நிறைமாதமாக இருக்கிறாள். எந்த நேரமும் வலி எடுக்கலாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். மாப்பிள்ளைக்கு இன்னும் லீவு கிடைக்கவில்லை. அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டியவன் நான். கொண்டுபோக வேண்டியது, தாங்கள் பெருந்தன்மையோடு எனக்குக் கொடுத்த பழைய கார். சங்கடமே இங்குதான் ஆரம்பம்.

சம்பந்தி, வண்டி நிற்கிறது. ஓடிக்கொண்டிருக்கும்போதே நிற்கிறது. இருமுவதில்லை, முனகுவதில்லை, ஒரு முன்னறிவிப்பும் இல்லை. பந்தியில் பாதிச் சாப்பாட்டில் கோபித்துக்கொண்டு எழுந்து போகிறவரைப் போலச் சட்டென்று அணைந்துவிடுகிறது. முதல் தடவை, நான் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்ற அதே பள்ளிக்கூடத்தின் வாசலில், வேகத்தடையில் மரியாதையாக ஏறி இறங்கிய கையோடு நின்றது. பிறகு பேங்க் வாசலில். பிறகு மார்க்கெட் முனையில். பிறகு என் மனைவியின் அக்கா வீட்டு எதிரில், அதுவும் போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை. அந்த அம்மாள் வெளியே வந்து, "உள்ள வாங்கன்னா வர மாட்டேங்கறீங்க, வாசல்லயே வந்து வந்து நிக்கறீங்க, என்மேல என்ன கோபம்?" என்று கேட்டு, அதற்கு நான் பதில் சொல்வதற்குள் அக்காளும் தங்கையும் பழைய கதையெல்லாம் பேசி அழுது முடித்துவிட்டார்கள்.

நிற்கும்போதெல்லாம் நான் இறங்கி பானெட்டைத் திறந்து எஞ்சின்மேல் கை வைப்பேன். கை பொத்துப்போகும். உடனே மனைவி சாவியைப் பிடுங்கி டிக்கியைத் திறந்து தண்ணீர்க் கேனை எடுத்து வருவாள். (கார் சாவி அவளுடைய சாவிக்கொத்தில்தான் இருக்கும். தனியாக விட்டால் நான் தொலைத்துவிடுவேனாம்.) ரேடியேட்டரைத் தொட்டால் ஆவி அடிக்கும் என்ற பயத்தில் தண்ணீரை அதன்மேல் தெளித்துவிட்டு வந்து சாவியைப் போட்டால், ஒன்றுமே நடக்காத மாதிரி வண்டி கிளம்பும். ஆகவே எஞ்சின் சூடாகித்தான் நிற்கிறது என்று நிரூபணம் ஆயிற்று.

மெக்கானிக் இதை ஒப்புக்கொள்ளவில்லை. "ஓடின எஞ்சின் சூடாத்தான் சார் இருக்கும். ஜில்லுன்னு இருந்தாத்தான் நீங்க எங்கிட்ட வரணும்" என்றார். ஃபேனைப் பார்த்தார், ஹோஸைப் பார்த்தார், பெட்ரோல் பம்பைக் கழற்றி மாட்டினார். ஓட்டிப் பார்க்கச் சாவி கேட்டார். மனைவி கொத்திலிருந்து கார் சாவியை மட்டும் பல்லைக் கடித்துக் கழற்றிக் கொடுத்தாள். "முன்னப்பின்ன தெரியாத ஆள்கிட்ட வீட்டுச் சாவியெல்லாம் கொடுக்க முடியுமா?" மனிதர் ஊரையே ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். நிற்கவில்லை. மனைவி சாவியை வாங்கிக் கொத்தில் மாட்டினாள், நான் கிளப்பினேன், பட்டறையைத் தாண்டிய முதல் வேகத்தடையில் நின்றது. மெக்கானிக் ஓடி வந்தார். மறுபடி சாவியைக் கழற்றினாள், மறுபடி சுற்றினார், நிற்கவில்லை. "நீங்கதான் ஏதோ பண்றீங்க சார்" என்றார். என்ன பண்ணினேன்? உட்கார்ந்திருந்தேன்!

வீட்டுக்கு வந்து தாளை எடுத்து வைத்துக்கொண்டு யோசித்தேன். தாங்கள் ஓட்டிய காலத்தில் ஒரு நாளும் நின்றதில்லை. மெக்கானிக் ஓட்டினால் நிற்பதில்லை. நான் ஓட்டினால் நிற்கிறது. எனவே வண்டிக்கு என்னைப் பிடிக்கவில்லை. அது இன்னும் தங்களையே எஜமானராக நினைத்துக்கொண்டிருக்கிறது. ஆகவே கல்யாண போட்டோவிலிருந்து தங்களை மட்டும் கத்தரித்து ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டினேன் (சம்பந்தியம்மாவின் தோள் கொஞ்சம் கூடவே வந்துவிட்டது, மன்னிக்கவும்). தாங்கள் வண்டியில் ஏறும்போது தொண்டையைச் செருமுவீர்களே, அதேபோலச் செருமிப் பார்த்தேன். மார்க்கெட் முனை வரை ஓடியது. மகள் பின்சீட்டில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, சிரிக்க வைக்காதீங்க, இங்கயே பொறந்துடும்" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை, சம்பந்தி. பயமாக இருக்கிறது. ஒரே பெண். வலியோடு அவள் பின்னால் கிடக்க, நான் நடுத்தெருவில் பானெட்டைத் திறந்துகொண்டு நிற்பது போலவே கண்ணை மூடினால் தெரிகிறது. வாடகை வண்டி பிடிக்கலாமே என்பீர்கள். "சம்பந்தி குடுத்த வண்டி வாசல்ல நிக்கறப்போ வாடகை வண்டியில போனா, அவர் என்ன நெனைப்பார்?" என்று என் மனைவி விடமாட்டேன் என்கிறாள். ஆகவே, ஒன்று தாங்கள் உடனே புறப்பட்டு வந்து பிரசவம் வரை முன்சீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும், அல்லது தாங்கள் உடுத்திய பழைய சட்டை ஒன்றை அனுப்ப வேண்டும், இரண்டும் முடியாதென்றால் வண்டியைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். இதற்கெல்லாம் காரணம் தாங்கள்தான் என்பதை வருத்தத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கமும் சிறியவர்களுக்கு ஆசியும், புதிய வண்டிக்கு நீண்ட ஆயுளும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பும் வியர்வையும் நிறைந்த
சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் வலி எடுத்துவிட்டது. மனைவி கார் சாவியைக் கழற்றி என்மேல் எறிந்துவிட்டு, கொத்தோடு வீட்டைப் பூட்ட ஓடினாள். நான் கிளப்பினேன். பள்ளிக்கூடம் போயிற்று, பேங்க் போயிற்று, அக்கா வீடும் போயிற்று, வண்டி நிற்கவே இல்லை. ஆஸ்பத்திரி வாசலில்தான் பார்த்தேன், மனைவியை ஏற்றிக்கொள்ளவே இல்லை. வாடகை வண்டியில் வந்து இறங்கினாள். காரணம் தெரிந்துவிட்ட சந்தோஷத்தில், "நீ ஏறினாத்தான் வண்டி நிக்குது, நிரூபணம் ஆயிடுச்சு" என்று அத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டேன். ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்த மகள், "அய்யோ அப்பா, அம்மா இல்ல, அந்தச் சாவிக்கொத்து! மேட்டுல குலுங்கறப்போ அந்தக் கனத்துல சாவி தானாத் திரும்பி ஆஃப் ஆயிடுது" என்று கத்திவிட்டு உள்ளே போனாள். பெண் குழந்தை. தாயும் சேயும் நலம். மூக்கு அப்படியே தங்களுடையது. என் மனைவி இன்னும் என்னோடு பேசவில்லை.

ஆகவே மேலே 'வணக்கம்' என்ற ஒரு சொல்லைத் தவிர வேறு எதையும் பொருட்படுத்த வேண்டாம். சட்டையும் வேண்டாம். தாங்கள் மட்டும் உடனே புறப்பட்டு வரவும். இன்னொன்று: அந்தக் கொத்தில் எது இவ்வளவு கனம் என்று கையில் எடுத்துப் பார்த்தேன். உள்ளங்கை நீளத்துக்கு ஓர் இரும்புச் சாவி. 'உங்க வீடு மாதிரி நெனச்சு எப்ப வேணும்னாலும் வாங்க' என்று கல்யாணத்தன்று தாங்கள் கொடுத்த தங்கள் வீட்டுக் கொல்லைக் கதவின் சாவி. ஆகவே காரணம் தாங்கள்தான் என்று எழுதியதை மட்டும் நான் அடிக்கவில்லை. சாவியைத் திருப்பி அனுப்பவும் மாட்டோம்.