டியூப் சாரும் டிராக்டர் பேட்டரியும்

மன்னார்குடிச் சுற்றுவட்டாரத்திலேயே பயப்படுவதற்கென்று பிறந்த ஒரே மனிதர் எங்கள் கெமிஸ்ட்ரி வாத்தியார்தான். மின்னல் வெட்டினால் மேஜைக்கடியில் இருப்பார். வீட்டில் ரேடியோ போடக்கூட அவர் சம்சாரம்தான் வரவேண்டும். சைக்கிள் டியூபை வெட்டிப் பத்து விரலிலும் மாட்டிக்கொண்டுதான் லேபுக்குள் வருவார். ஊருக்கே அவர் டியூப் சார்.

இப்படிப்பட்டவர் தலையில் மின்பகுப்புப் பாடம் விழுந்தால்? சுவர் பிளக் பக்கமே போகமாட்டார். மிராசுதாரின் டிராக்டர் பேட்டரியைக் கழற்றி வந்துவிடுவார். டிரைவர் அவரிடம் படித்தவன், "எப்ப வேணா எடுத்துக்கங்க சார்" என்று சொல்லிவைத்திருந்தான்.

"பன்னெண்டு வோல்ட்தானே சார், ஒண்ணும் பண்ணாது" என்பேன் நான்.

"பாம்புக்குட்டின்னா கொத்தாதாம்மா? தள்ளி நில்லு!"

மயில்துத்தம் கரைத்த நீலத் தண்ணீரில் இரண்டு கார்பன் குச்சிகள். கிளிப்பை நாங்கள்தான் மூங்கில் இடுக்கியால் மாட்டவேண்டும். அவர் கதவோரம் நின்று கத்துவார்: "குமிழி வருதா? செம்பு ஒட்டுதா? எல்லாரும் உசிரோட இருக்கீங்களா?"

அந்த அறுவடைக் காலத்தில் எங்களுக்கும் பயம்தான். சென்னையில் ஆட்சி மாறியும் எங்கள் களத்தில் கூலி மாறவில்லை. ஆட்கள் வயலில் இறங்க மறுத்தார்கள். வெளியூர் ஆட்களை டிராக்டரில் ஏற்றிவர மிராசுதார் ஏற்பாடு செய்தார். அதை மறித்து, டிராக்டர் கொட்டகை வாசலில் காலையிலிருந்து என் அப்பாவும் கூட்டாளிகளும் உட்கார்ந்திருந்தார்கள்.

முந்தின நாளே சார் பேட்டரியைக் கழற்றி வந்தது அங்கே யாருக்கும் தெரியாது. டிரைவரோ திருத்துறைப்பூண்டிக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தான்.

லேபுக்குள் பியூன் மூச்சிரைக்க ஓடிவந்தார். "சார், வேற ஆளை வச்சு டிராக்டரைக் கிளப்பப் பாத்தா பேட்டரியைக் காணோமாம்! மறியல்காரங்க திருடிட்டாங்கன்னு இந்தப் புள்ளையோட அப்பாவைத் தென்னமரத்துல கட்டிப்புட்டாங்க. மிராசுதார் ஆளுங்க அருவாளோட நிக்கிறாங்க சார்!"

எனக்கு அழக்கூட வரவில்லை. சார் முகத்தில் ரத்தமே இல்லை. பீக்கரில் குமிழிகள் பாட்டுக்கு வந்துகொண்டிருந்தன.

கிளிப்பைப் பிடித்தார். டியூப் வழுக்கியது. பத்தையும் பல்லால் பிடுங்கித் துப்பினார். வெறுங்கையால் கிளிப்புகளைப் பிய்த்தார், ஒரு குச்சியைச் சட்டைப் பையில் செருகினார், பேட்டரியை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினார். நான் பின்னால் ஓடினேன்.

அப்பாவின் வாயோரம் ரத்தம். சார் நடுங்கிக்கொண்டே அருவாள்களுக்கு நடுவில் போய் நின்றார். "நான்தாங்க எடுத்தேன். அவரை அவுத்து விடுங்க."

மிராசுதாரின் வயல் வேலைகளைப் பார்க்கும் காரியக்காரர் நம்பவில்லை. "ஆளைக் காப்பாத்தப் பொய் சொல்றீங்களா, வாத்தியாரே? இவனுங்க கொடுத்து அனுப்பினதுதானே இது?"

சார் குச்சியை நீட்டினார். நுனியில் செம்பு பளபளத்தது. "பாருங்க, இந்த பேட்டரிதான் ஒட்ட வச்சுது. இன்னும் ஈரம்கூடக் காயலை. தொட்டுப் பாருங்க!"

காரியக்காரர் நாலடி பின்னால் துள்ளினார். "ஷாக் அடிக்குமா?"

"தெரியலைங்க. எனக்கும் பயமாத்தான் இருக்கு."

எவனோ சிரித்துவிட்டான். அதற்குப் பிறகு அருவாளை ஓங்கிப் பிடிக்க யாருக்கும் முகமில்லை. கட்டு அவிழ்ந்தது. அப்பா எழுந்ததும் சார் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அவரை அப்பாதான் தூக்கிக்கொண்டு வந்தார்.

மறுநாள் பத்து விரலிலும் புது டியூப். பேட்டரி ஆசிட் தின்ற சட்டையில் ஒட்டுத்துணி. "தள்ளி நில்லும்மா, உங்கப்பாவுக்கு யார் பதில் சொல்றது?" என்று கதவோரத்திலிருந்து கத்தினார். அன்றைக்குத்தான் எனக்கு அழுகை வந்தது.