மூன்று எழுத்தும் கீழத்தெரு சாக்கடையும்

மனித குலத்தின் தலையாய கண்டுபிடிப்பு சக்கரம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். அங்கே சொல்லிக் கொடுத்த பலவற்றைப் போல இதுவும் தவறு. தலையாய கண்டுபிடிப்பு, முதலெழுத்துச் சுருக்கம். சக்கரம் ஒரு நேரத்தில் ஒரு வண்டியைத்தான் நகர்த்தும். மூன்று எழுத்துச் சுருக்கமோ பல துறைகளை ஒரே மேசையில் உட்கார வைத்து, எதையும் நகர்த்தாமலேயே காரியத்தை முடித்துவிடும்.

இதை நான் அனுபவத்தில் சொல்கிறேன். முக்கூடலுக்குக் கிழக்கே தாமிரபரணிக் கரையில் இருக்கும் எங்கள் பேரூராட்சியின் 'ஆறு மேம்பாட்டு ஒருங்கிணைப்புக் குழு'வுக்கு நான் செயலாளர். உறுப்பினர்கள் மூவரும் மேதைகள். கட்டுமானப் பொறியாளர் ஐயம்பெருமாள், வேதியியல் பேராசிரியர் ஹரிநாராயணன், கணினி வலைப்பின்னல் பொறியாளர் கிறிஸ்டி. மூவரையும் ஒரே அறையில் சேர்த்தது நான். அந்தப் பெருமையை யாருக்கும் பங்கு வைக்கமாட்டேன்.

முதல் கூட்டத்திலேயே ஓர் இடையூறு வந்தது. கீழத்தெருவில் தையல் கடை வைத்திருக்கும் சாலோமி, கழுத்தில் அளவு நாடாவோடு நேராக உள்ளே வந்து நின்றாள்.

"அண்ணாச்சி, எங்க தெருச் சாக்கடை ஆத்துல விழுது. விழுத எடத்துக்குக் கொஞ்சம் கீழதான் குடிதண்ணிக்கு உறைகிணறு போட்டிருக்கு. போன கிறிஸ்மஸுக்கு வந்த எம்மவ ஜெபகனி மஞ்சக்காமாலையோட கோயம்புத்தூருக்குத் திரும்பிப் போனா. இப்பம் பிள்ளை பெத்திருக்கா. தண்ணி சரியானாத்தான் பிள்ளையக் கொண்டுவருவேன்னு மருமகன் சொல்லுதாரு. அந்தச் சாக்கடைய நிப்பாட்டுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

இந்த வேண்டுகோளில் பெரிய குறை ஒன்று இருந்தது. கேட்ட எல்லோருக்கும் அது புரிந்துவிட்டது. எல்லோருக்கும் புரிகிற விஷயத்துக்குக் குழு எதற்கு, அதற்குச் செயலாளர் எதற்கு? நான் வியர்த்துப்போனேன். நல்லவேளையாக ஐயம்பெருமாள் கைகொடுத்தார்.

"எஸ்.டி.பி. போட்டுருவோம் வே."

"எஸ்.டி.பி.யா? அதுதான் அடிப்படை" என்று பேராசிரியர் கண்ணை மூடிக்கொண்டு ஆமோதித்தார்.

"எஸ்.டி.பி. இல்லாம எதுவுமே ஓடாது சார்" என்றாள் கிறிஸ்டி.

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. காப்பியும் வடையும் வந்தன.

விவரம் தெரியாத வாசகர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். கட்டுமானத் துறையில் எஸ்.டி.பி. என்றால் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம். வேதியியலில் அதே எஸ்.டி.பி., வாயுக்களை அளப்பதற்காக அறிஞர்கள் வகுத்த திட்ட வெப்ப அழுத்த நிலை. கணினி வலைப்பின்னலிலோ அது, தகவல் ஒரே வட்டத்தில் சுற்றிச் சுற்றி வராதபடி தடுக்கும் ஒரு விதி. அரசு கோப்புகளுக்கும் அப்படி ஒரு விதி இருந்தால் தேவலை என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதை வெளியே சொல்லவில்லை.

எந்த எஸ்.டி.பி. என்று அன்று யாரும் கேட்கவில்லையா என்கிறீர்களா? எங்கள் கூட்டங்களில் விரிவாக்கம் கேட்கும் வழக்கம் கிடையாது. கேட்டால் கேட்டவருக்குத் தெரியாது என்று ஆகிவிடும். சுருக்கம் காதில் விழுந்ததும் தலையை ஆட்டிக் குறிப்பேட்டில் ஒரு கோடு இழுப்பதுதான் பண்பாடு. புதிதாக வருகிறவர்கள்கூட ஒரே கூட்டத்தில் இதைப் பழகிக்கொள்வார்கள்.

வேலைகள் மும்முரமாக நடந்தன. ஐயம்பெருமாள் சுத்திகரிப்பு நிலையத்துக்கு இடம் பார்த்தார். ஆற்றோரத்து நிலங்களில் எல்லாம் வழக்கு இருந்ததால், ஊருக்கு மேற்கே பொத்தை என்று நாங்கள் சொல்லும் பாறைக் குன்றின் உச்சியில் இடம் ஒதுக்கிச் சுற்றுச்சுவர் கட்டி, பெயர்ப்பலகையும் வைத்தார். அங்கே காற்று பிரமாதமாக வீசும். பேராசிரியர், சாக்கடையிலிருந்து எழும் வாயுவைத் திட்ட நிலையில்தான் அளக்க வேண்டும் என்றார். திட்ட நிலைக்குப் பூஜ்யம் டிகிரி வேண்டும். எங்கள் ஊர்ச் சித்திரை மாதத்தில் பூஜ்யம் டிகிரிக்கு எங்கே போவது? ஒரு பெரிய குளிர்ப்பெட்டி வாங்கப்பட்டது. இப்போது சாக்கடைத் தண்ணீர், அவருடைய கல்லூரியில் எங்களைவிடச் சுகமாக இருக்கிறது. கிறிஸ்டி, சாக்கடை விழும் இடத்தில் கேமராக்களைப் பொருத்தி, பேரூராட்சி அலுவலகத்தோடு இணைத்தாள். சாக்கடை ஆற்றில் விழும் காட்சியை இனி எங்கள் நாற்காலிகளில் இருந்தபடியே, தடங்கலில்லாமல் காணலாம்.

மறுஆய்வுக் கூட்டத்துக்கும் சாலோமி வந்தாள்.

"பேரனுக்குப் பல்லு மொளச்சிட்டு அண்ணாச்சி. போன்லதான் பாக்கேன். வேலை எம்புட்டுல நிக்கி?"

"எஸ்.டி.பி. திட்ட நிலையில் இருக்கு" என்றார் பேராசிரியர்.

"ஆமா, திட்ட நிலையிலதான் இருக்கு" என்று ஐயம்பெருமாளும் ஒப்புக்கொண்டார்.

"எங்க எஸ்.டி.பி. ஓடிக்கிட்டே இருக்கு" என்றாள் கிறிஸ்டி.

"பொத்தை மேல பலகை வச்சிருக்கியளே சார், சாக்கடை அங்கன எப்படி ஏறும்?"

"அது ரெண்டாம் கட்டம்மா" என்றார் ஐயம்பெருமாள்.

மூன்று துறைகள், மூன்று பொருள்கள், ஒரு சொல்கூட மோதவில்லை. இந்த ஒற்றுமையைக் கண்டு மாவட்ட அளவில் எங்களுக்கு 'சிறந்த ஒருங்கிணைப்பு' கேடயம் வழங்கப்பட்டது. வெளியூர்க் குழுக்கள் எங்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வந்தன. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது, அதை மறைப்பானேன்.

கேடயம் வாங்கிய கையோடு ஒரு கள ஆய்வும் நடத்திவிடலாம் என்று நால்வரும் கீழத்தெருவுக்குப் போனோம். சாக்கடை சலசலவென்று ஆற்றில் இறங்கிக்கொண்டிருந்தது. நால்வரும் கைக்குட்டையை மூக்கில் வைத்தபடி புகைப்படம் எடுத்துக்கொண்டோம். வெயில் மண்டையைப் பிளந்தது. சாலோமி எங்களை வீட்டுக்குள் கூப்பிட்டு உட்கார வைத்தாள். உறைகிணற்றுத் தண்ணீர் வரும் முற்றத்துக் குழாயைத் திறந்து, எங்கள் கண் முன்னாலேயே தம்ளர்களில் தண்ணீர் பிடித்து வந்து மேசையில் வைத்தாள்.

"குடிங்க சார். வெயில்ல வந்திருக்கிய."

ஐயம்பெருமாள் தம்ளரைப் பார்த்தார். "இப்பந்தான் காப்பி குடிச்சேன் பாத்துக்கிடுங்க."

"எனக்கு ரெண்டு நாளா தொண்டை சரியில்லை" என்றார் பேராசிரியர்.

கிறிஸ்டி கைப்பையிலிருந்து தன் தண்ணீர் பாட்டிலை எடுத்துத் திறந்தாள். நான் தம்ளரைக் கையில் எடுத்துவிட்டேன், ஆனால் உதடு வரை கொண்டுபோக முடியவில்லை. மெதுவாக மேசையில் வைத்தேன்.

சாலோமி எங்கள் நால்வரையும் வரிசையாகப் பார்த்தாள். அவளுக்குக் கோபம் வந்ததாகத் தெரியவில்லை. துணியை வெட்டுவதற்கு முன் ஒருமுறை சரிபார்க்கிறவள்போலத்தான் பார்த்தாள்.

"அந்த எழுத்துக்கு ஆளுக்கொரு அர்த்தம் இருக்குன்னுல்லா நெனச்சேன்" என்றாள். "ஒருத்தரும் குடிக்கலியே."

தம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்து, தண்ணீரை முற்றத்தில் கொட்டினாள். மருமகனுக்குப் போன் போட்டு, "இப்பம் கூட்டிட்டு வரவேண்டாம் மாப்பிள்ளை" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

அலுவலகத்துக்குத் திரும்பியதும் கூட்டக் குறிப்பு எழுத உட்கார்ந்தேன். குழுவின் மாண்புக்குக் குறைவு வராமல், அதே சமயம் பொய்யும் கலக்காமல் எழுத வேண்டும் என்பது என் கொள்கை. வெகுநேரம் யோசித்து இரண்டே வரி எழுதினேன். மூவரும் படித்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிக் கையெழுத்துப் போட்டார்கள்:

'எஸ்.டி.பி.யின் பொருள் குறித்து உறுப்பினர்களிடையே கருத்து வேறுபாடு எதுவும் இல்லை. முதல் நாளிலிருந்தே இருந்ததில்லை.'