எலி ஓடிய பிறகுதான் கல்யாணம்

திண்டிவனம்
20-10-1986

மதிப்பிற்குரிய சம்பந்தி தாண்டவராயன் அவர்களுக்கு, விருத்தாசலம் வணக்கத்துடன் எழுதுவது. விழுப்புரத்தில் தாங்கள், சம்பந்தியம்மாள், மாப்பிள்ளை சீனுவாசன் யாவரும் சுகமாக இருக்க ஈஸ்வரன் அருள வேண்டும். இங்கு நான், மகள் ராஜாமணி, நான்கு எலிகள் எல்லோரும் சுகம்.

ஆவணியில் நடக்க வேண்டிய கல்யாணத்தை ஐப்பசிக்குத் தள்ளினோம். இப்போது தைக்குத் தள்ளச் சொல்லி எழுத எனக்கே வெட்கமாக இருக்கிறது. என்ன செய்ய, எலி ஓட மாட்டேன் என்கிறது. ராஜாமணியின் ஆராய்ச்சி தாங்கள் அறிந்ததுதான். எலி ஓடும்போது அதன் தொடைத் தசையில் உண்டாகும் மின்சாரத்தை அளக்க வேண்டும். தலைமுடி போன்ற கம்பியைத் தசைக்குள் வைத்துத் தைத்து, மறுமுனையைப் பெட்டியில் மாட்டினால், பெட்டி காகிதத்தில் கோடு வரையும். ஒரே ஒரு நல்ல ஓட்டம் பதிவானால் படிப்பு முடிந்தது, அப்புறம்தான் கல்யாணம் என்று சொல்லிவிட்டாள். கல்லூரியில் இடமில்லை என்று ஆவணியிலேயே எல்லாவற்றையும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். நான் சர்வேயராக இருந்தவன். நிலம் நின்ற இடத்தில் நிற்கும், அளப்பது சுலபம்.

முதல் எலியைப் பார்த்துப் பாவப்பட்டு நான் நிலக்கடலை போட்டேன். அது கொழுத்துப் போய், ஓடுவதற்கு வைத்த பலகையில் விட்டால் உட்கார்ந்து மீசையைத் துடைத்தது. "எப்பா, மல்லாட்டையைப் போட்டுக்கினே இருந்தா அது எப்பிடி ஓடும்?" என்று ராஜாமணி அழாத குறை. இரண்டாவது எலி தூங்கும்போதே பெட்டி கடகடவென்று வரைந்தது, நான் தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தேன், பார்த்தால் அது பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மாள் கிரைண்டரின் கரண்ட். போய்ச் சொன்னதற்கு, "உங்க எலிக்காக நான் மாவாட்டாம இருக்கணுமா? நல்ல பேஜாரா கீதே!" என்றாள். மூன்றாவது எலி ஆயுதபூஜைக்கு முதல் நாள் தயாரானது. பூஜையன்று மிஷின் ஓட்டக்கூடாது என்று நான் ஒரே பிடி. அதோடு விட்டேனா, பெட்டியைத் துடைத்து, கம்பி மாட்டும் துளை ஒன்றுவிடாமல் சந்தனம் குங்குமம் வைத்துப் பொரி படைத்தேன். மறுநாள் எலி பிரமாதமாக ஓடியது. பெட்டியில் ஒரு கோடு விழவில்லை. காய்ந்த சந்தனத்தை ஊசியால் தோண்டி எடுப்பதற்குள் எலி தையலைப் பிய்த்துக்கொண்டுவிட்டது.

இனி நாலாவது எலிதான் பாக்கி. எனக்கு அலுத்துவிட்டது சம்பந்தி. மாப்பிள்ளையிடம் பக்குவமாகச் சொல்லி, தையில் ஒரு முகூர்த்தம் பார்க்கவும். சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கம், மாப்பிள்ளைக்கு என் ஆசிகள்.

தங்கள் அன்புள்ள,
விருத்தாசலம்

பி.கு.: நாலாவது எலி வெள்ளிக்கிழமையே ஓடிவிட்டது. காகிதம் முழுக்கக் கோடு அழகாக விழுந்தது. "எப்பா, ஜல்தியா விழுப்புரத்துக்கு லெட்டர் போட்டுடு, ஐப்பசியிலயே வச்சிக்கலாம்" என்று குதித்தாள். அதை எழுதத்தான் உட்கார்ந்தேன், கை இப்படி எழுதிவிட்டது. அவள் அம்மா போன பிறகு இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவளை அனுப்ப மனசு வரவில்லை சம்பந்தி. மேலே எழுதியதை விட்டுவிடுங்கள். ஐப்பசியில் பேசிய தேதியே இருக்கட்டும். பத்திரிகையை உடனே அச்சுக்குக் கொடுத்துவிடுங்கள், தாமதித்தால் நான் இன்னொரு கடிதம் எழுதிவிடுவேன்.