மாடி அறை விஷயமாக

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நான் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது என்று நான் கேட்டதாக வைத்துக்கொள். போனில் பேசியிருக்கலாமே என்பாய். போனில் பேசினால் பக்கத்து அறையில் இருக்கும் என் மகனுக்குக் கேட்கும். உன் அருமை மருமகன் விஷயம்தான்.

அவனுக்கு முப்பத்தைந்து வயது முடிந்துவிட்டது. பிறந்ததிலிருந்தே அவனுக்கு எல்லாம் மெதுவாகத்தான் வரும் என்பது நீ பார்த்ததுதானே. ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தான் என்றால் அது வந்து சேருவதற்குள் நான் டீயே குடித்து முடித்துவிடுவேன். அதனால் யார் என்ன கேட்டாலும் அவனுக்குப் பதிலாக நானே சொல்லிவிடுவது வழக்கம். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் துண்டு மடிக்கும் வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகும் அப்படித்தான் நடந்தது. ஒரு குறையும் இல்லை. அங்கே கூட வேலை செய்கிற ஒருத்தன் இவனை ஒரு சங்கத்தில் சேர்த்துவிட்டான், வந்தது வினை. இவனைப் போன்றவர்கள் தங்கள் காரியத்தைத் தாங்களே பேசிக்கொள்வதற்கான சங்கமாம். நான் என்னவோ பாட்டு, விளையாட்டு என்று சொல்லிக்கொடுப்பார்கள் என்று நினைத்து, சட்டையெல்லாம் தேய்த்துப் போட்டுச் சந்தோஷமாக அனுப்பிவைத்தேன். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன்.

முதலில் முடிவெட்டும் கடையில் ஆரம்பித்தது. எப்போதும்போல நான் பெஞ்சில் உட்கார்ந்தபடி, "பின்னால நல்லா குறைச்சிடுங்க, முன்னால கொஞ்சம் விடுங்க" என்றேன். இவன் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "என்... தலை. நான்... சொல்றேன்" என்றான். கடைக்காரர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார். பின்னால் ஆட்கள் வேறு உட்கார்ந்திருக்கிறார்கள், எனக்கு வேர்த்துக் கொட்டுகிறது. கடைசியில் மொட்டை என்றான், மொட்டையே ஆயிற்று. வீடு வந்து சேரும்வரை தலையைத் தடவித் தடவிச் சிரித்துக்கொண்டே வந்தான். சரி, முடிதானே, முளைத்துவிடும் என்று என்னைத் தேற்றிக்கொண்டு அவனை டாக்டரிடம் கூட்டிப்போனால், அங்கே அதற்கு மேல். "என்ன பண்ணுது?" என்று டாக்டர் கேட்டார். "வயிறு சரியில்ல டாக்டர், சரியாவே சாப்பிடறதில்ல" என்றேன். "அது... அப்பாவுக்கு" என்றான் இவன். "எனக்கு... தோள்பட்டை." துண்டு மடித்து மடித்துத் தோள் பிடித்துக்கொண்டிருக்கிறது, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதாவது, சொல்ல ஆரம்பித்திருப்பான் போலிருக்கிறது. டாக்டர் அவனுக்குத் தைலம் எழுதிக் கொடுத்துவிட்டு, என்னைப் படுக்கவைத்து வயிற்றை அமுக்கிப் பார்த்தார்.

இதெல்லாம்கூடப் போகட்டும். சங்கத்தில் மூன்று பேராகச் சேர்ந்து குடியிருக்க ஒரு வீடு பார்த்திருக்கிறார்கள், அதில் நம் வீட்டுப் பிள்ளையும் ஒருத்தன்! அடுத்த மாதம் போகிறானாம். பகலில் உதவிக்கு ஒரு அம்மா வருவாராம். போன ஞாயிற்றுக்கிழமை அதைப் பற்றிப் பேசக் கூட்டம் போட்டு, உறவுக்காரர்களும் வரலாம் என்றார்கள். தலைவி ஒரு ரொட்டிக்கடையில் லேபிள் ஒட்டுகிற பெண். என் நெஞ்சு உயரம்தான் இருப்பாள், கழுத்தில் ஒரு விசில். யாராவது இன்னொருத்தருக்காகப் பதில் சொன்னால் விசில், மறுபடி வாயைத் திறந்தால் வெளியே போகவேண்டும். "நீங்க ஏன் அந்த வீட்டுக்குப் போகணும்?" என்று இவனைக் கேட்டாள். நான் எழுந்து, "அவனுக்கு அடுப்பு பத்த வைக்கவே தெரியாதும்மா" என்றேன். விசில். "விசில் ஊதிட்டா அடுப்பு எரிஞ்சிடுமா?" என்றேன். மறுபடி விசில். "சார், அவர் பேசிட்டிருக்காரு. நீங்க வெளிய இருங்க" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள், அதுதான் இன்னும் எரிந்தது. தாழ்வாரத்தில் எனக்கு முன்பே வெளியேற்றப்பட்ட அப்பா அம்மாக்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு அம்மா நகர்ந்து இடம் கொடுத்து, "முதல் தடவையா?" என்று கேட்டார்.

கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே எல்லோரும் இவன் பக்கம் திரும்பியிருந்தார்கள். இவன் வாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறான், ஒருத்தர்கூட எடுத்துக்கொடுக்கவில்லை. எனக்குத் தொண்டைவரை பதில் வந்துவிட்டது, கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். அப்புறம் சொன்னான், தங்கச்சி. "அப்பா செத்தப்புறம்... வேற வீட்டுக்குப் போனா... அப்பாவும் இருக்க மாட்டாரு, வீடும் இருக்காது. ரெண்டும் ஒரே நாள்ல போயிடும். இப்பவே போனா... வீடு மட்டும்தான் போகும். அப்பா இருப்பாரு. ஞாயித்துக்கிழமை வருவாரு."

அழுதுவிட்டேன். அந்த அம்மா கைக்குட்டையை நீட்டினார். நான் சாவதைப் பற்றி இந்த வீட்டில் யோசித்துக்கொண்டிருப்பவன் நான் ஒருத்தன்தான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

ஆனாலும் மனசு ஒப்பவில்லை. என் காலத்துக்குப் பிறகு அவன் உன்னிடம்தான் என்று அவன் அம்மா கண்ணை மூடுவதற்கு முன்பே பேசிவைத்தது. அதற்காகத்தானே நீ மாடி அறையை ஒழித்து, கட்டில் போட்டு, ஜன்னலுக்குத் திரையெல்லாம் தைத்து வைத்திருக்கிறாய். அத்தை என்றால் அவனுக்கு உயிர், நீ சொன்னால் கேட்பான். போன் செய்து "போகாதே" என்று ஒரு வார்த்தை சொல்லு. அவனுக்கு வெந்நீர் பதம் பார்க்கத் தெரியாது, கதவைத் தாழ் போட மறந்துவிடுவான். படுத்தபிறகு பக்கத்து அறையிலிருந்து "அப்பா, இருக்கீங்களா?" என்று கேட்டு, நான் "இருக்கேன்டா" என்றால்தான் தூங்குவான். அங்கே அவனுக்கு யார் பதில் சொல்வார்கள்? இங்கே என்னை யார் கேட்பார்கள்?

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். பேரப்பிள்ளைகளின் தலையில் என் கையாக நினைத்து உன் கையை ஒருமுறை வை.

இப்படிக்கு,
விசில் வாங்கிய உன் அண்ணன்

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது வந்துவிட்டான். "யாருக்கு?" என்றான். "அத்தைக்கு." "என்னைப் பத்தியா?" எனக்குப் பொய் வரவில்லை. ஒருவரைப் பற்றி எழுதினால் அவருக்குப் படித்துக் காட்டவேண்டும் என்பது சங்கத்து விதியாம். படித்தேன். மொட்டை வந்த இடத்தில் சிரித்தான். மாடி அறை வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினான். பேச ஆரம்பித்தான். நான் குறுக்கே போகவில்லை, டீ ஆறிப்போயிற்று. "அத்தைகிட்ட கேளுங்க... அந்த ரூம்ல... அப்பா இருக்கலாமான்னு. நான் போனா... அப்பா தனியா இருப்பாரு." உன் வீட்டிலிருந்து அவர்கள் பார்த்திருக்கும் வீட்டுக்கு ஒரே பஸ்தானாம், விசாரித்து வைத்திருக்கிறான். ஆகவே அவனைத் தடுக்கச் சொல்லி மேலே எழுதியதை விட்டுவிடு. போன் செய்தால், எப்படி இருக்கிறாய் என்று அவனிடமே கேள். நீ சரி என்பாய், எனக்குத் தெரியும். நான்தான் இன்னும் சொல்லவில்லை. "நீங்க அங்க இருக்கீங்களாப்பா?" என்று கேட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறான். எனக்கு வார்த்தை வரவில்லை. எனக்காக அவன் பதில் சொல்லவும் இல்லை. காத்துக்கொண்டிருக்கிறான்.