சஹனைப் பிடித்தோம், திமிங்கிலத்தை விட்டோம்

கல்முனையிலிருந்து பொத்துவில் வரைக்கும் உள்ள கரையோரத்தில், வெள்ளாட்டுக்கு ஆறடி தள்ளி நின்று மரியாதை செய்த ஒரே மனிதர் எங்கள் சாய்ந்தமருதுத் தெருக் கப்பல் காக்காதான். மூத்த ஆண்களை நாங்கள் காக்கா என்போம், மூத்த பெண்களை ராத்தா என்போம். உம்மா வாப்பா வைத்த பெயரும் அவருக்கு ஒன்று இருந்தது. கலியாணக் கடுதாசிக்குப் பிறகு அதை யாரும் பாவித்ததில்லை.

பன்னிரண்டு வருடம் அவர் ஒரு கப்பலில் சமையல்காரர். சாமான் ஏற்றும் கப்பல் இல்லை. உலகத்தின் மறுபக்கத்தில், நடுக்கடலில் எரிமலை கக்கிக் கக்கி உண்டான தீவுகளாம். குடிமனை இல்லாத தீவுகள். அங்கே திரியும் மிருகங்களையும் பறவைகளையும் பார்க்க வெள்ளைக்காரரை ஏற்றிக்கொண்டு, தீவு தீவாகச் சுற்றுகிற கப்பல் அது. பிடிக்க மாட்டார்களாம், சுட மாட்டார்களாம், கறி வைக்க மாட்டார்களாம். பார்த்துவிட்டுத் திரும்பி வருவார்களாம்.

இதைத் தெருவுக்கு விளங்கப்படுத்தவே அவருக்கு ஒரு வருடம் போனது. தேத்தண்ணிக் கடை என் வேலிக்கு நேர் முன்னால். ஆட்களுக்கு முன்னால் போய்க் கதைக்க எனக்கு வெட்கம். கேட்பதற்கு ஒரு வெட்கமும் இல்லை.

"மிருகத்தப் பாக்கவா கப்பலேறிப் போறாங்க?" என்று ஒருவர் கேட்டார். "நம்மட வயலுக்குள்ள ஆனை வந்து நிக்கிது. அதப் பாக்க ஒரு வெள்ளக்காரனும் வரல்லயே!"

"ஆனை வந்தா நீங்க என்ன செய்யிறீங்க?"

"வெடி கொளுத்துறம்."

"அதான் அவங்க வரல்ல" என்றார் காக்கா.

கப்பலை விட்டு அவர் வந்துவிட்டார், கப்பலின் சட்டம் அவரை விட்டுப் போகவில்லை. ஒரு தீவின் விதை இன்னொரு தீவுக்குப் போகக் கூடாதென்று அங்கே சப்பாத்தைக் கழுவித்தான் இறங்குவார்களாம். இங்கே வந்து தன் வீட்டு வாசற் படலையடியில் பேசின் நிறையத் தண்ணீர் வைத்தார். ஹஜ்ஜுப் பெருநாளைக்கு மருதமுனையிலிருந்து சம்பந்தி வீட்டார் புது உடுப்போடு வந்து இறங்கினார்கள்.

"செருப்பக் கழுவிட்டு உள்ள வாங்க."

சம்பந்திக்கு முகம் கறுத்துவிட்டது. "என்ன காக்கா, மருதமுனையில இரிந்து நாங்க நோயா கொண்டு வாறம்?"

"கோவிக்காதீங்க. மருதமுனையும் ஒரு தீவுதான்."

அந்தச் சம்பந்தி அடுத்த பெருநாளைக்கு வட்டிலப்ப இனிப்பை ஆளிடம் கொடுத்தனுப்பினார். அந்த ஆளும் செருப்பைக் கழுவித்தான் உள்ளே வந்தான்.

இன்னொரு நாள் அவர் மனைவி முற்றத்தில் நெல் காயப் போட்டிருந்தார். பக்கத்து வீட்டு ஆடு வந்து வாய் வைத்தது. மிருகத்துக்கு ஆறடி கிட்டப் போகக் கூடாதென்பதும் கப்பல் சட்டம். காக்கா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அளந்தாற்போல ஆறடி தள்ளி நின்று பார்த்தார்.

"ஆட்டத் தொரத்துங்களன்!" என்று மனைவி குசினிக்குள்ளிருந்து கத்தினார்.

"சத்தம் போடாதீங்க. அது அதுட பாட்டுக்கு இயற்கையா நடந்துக்கிது."

"அப்ப நானும் இயற்கையா நடந்துக்கிறன்" என்று அவர் விளக்குமாற்றோடு வெளியே வந்தார். ஆடும் ஓடியது, காக்காவும் ஓடினார். யாருக்கு விழுந்தது என்பதில் தெருவில் இரண்டு கருத்து இருந்தது.

இருந்தாலும் கதை சொல்ல உட்கார்ந்தால் அவரை அடிக்க ஆளில்லை. நீலக்காலோடு ஆட்டம் போடுகிற பறவை. கடலுக்குள் முக்குளித்துப் பாசி தின்கிற ஓணான். ஒரு ஆள் ஏறி உட்காரக்கூடிய ஆமை. கேட்கிறவர்களின் தேத்தண்ணி ஆறிப் போய்விடும்.

அதைப் பொறுக்காதவர் ஒருவர் இருந்தார். ஓய்வு பெற்ற விஞ்ஞான மாஸ்டர். முப்பது வருடம் கரும்பலகையில் எரிமலை கீறிக் காட்டியவர். தன் எரிமலையை ஒரு சமையல்காரன் கொண்டு போகிறானே என்று அவருக்கு ஒரு காய்ச்சல்.

ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து, கடை நிறைந்திருந்த நேரம் கேட்டார். "காக்கா, எரிமலய நீங்க கண்ணால கண்டீங்களா?"

"பொக மணம் குசினிக்குள்ள வந்திச்சி சேர்."

காக்கா நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அப்ப உங்களுக்கு வந்தது எரிமலைப் பொகையா, பொரியல் பொகையா?"

அன்றைக்குச் சிரித்த சிரிப்பு கடற்கரை வரைக்கும் கேட்டிருக்கும். "ஒரு போட்டோ காட்டுங்க பாப்பம்" என்று ஒருவர், "ஆமைட ஓடாவது கொண்டு வந்தீங்களா?" என்று ஒருவர். மறுநாளே அவர் பெயர் 'குசினிக் காக்கா' என்று மாறிவிட்டது. பன்னிரண்டு வருடம் ஒரு பின்னேரத்தில் கரைந்து போனது. வேலியால் பார்த்தேன். அவர் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை.

பிறகு எழும்பி நின்றார். "சேர், நம்மட கடல்லயே நான் திமிங்கிலம் காட்டுறன். காட்டாட்டி இனிக் கப்பல் எண்ட சொல்லு இந்த வாயால வராது. இது என்ட வாக்கு."

கடல் அமைதியான பருவம் பார்த்து, ஒலுவிலில் இருந்த அவர் மச்சினனின் இயந்திரப் படகில் தெருவே ஏறியது. ஆண்களுக்கு முன்பக்கம், பெண்களுக்குப் பின்பக்கம், நடுவில் சேலையைக் கட்டி மறைப்பு. மறைப்பால் பெண்களுக்குப் பாதிக் கடல்தான் கிடைத்தது. பாதிக் கடலே எங்களுக்குத் தாராளம். அபாயாவுக்கு மேலே லைஃப் ஜாக்கெட் போட்டு, நாங்கள் எல்லாரும் உரமூட்டை அடுக்கினாற்போல இருந்தோம்.

அவர் மனைவி ஏறும்போதே சொன்னார். "இண்டைக்காவது சட்டிய வெச்சிட்டுக் கடலப் பாருங்க."

காக்கா கேட்டால்தானே. இரண்டு பெரிய சட்டி, நான்கு சஹன், கப்பலில் அடிப்பது போல ஒரு பித்தளை மணி, எல்லாம் ஏற்றியாயிற்று. எதற்கென்று தெரியாமல் படலையடிப் பேசினும் வந்திருந்தது.

இரண்டு மணித்தியாலம் சுற்றினோம். "இடப்பக்கம்! இடப்பக்கம்!" என்று காக்கா கத்த, எல்லாரும் சரிந்து பார்த்தோம். ஒரு ஒற்றைச் செருப்பு மிதந்து போனது. பிறகு கறுப்பாக, பெரிதாக ஒன்று தெரிந்தது.

"ஒருத்தரும் சத்தம் போட வேணாம். கிட்டப் போக வேணாம்" என்றார் காக்கா.

கிட்ட வந்தது. உரப்பை. காக்கா வாக்கு மாறாமல் அதற்கும் ஆறடி தள்ளியே படகை விடச் சொன்னார்.

மாஸ்டர் சிரிக்க வாயைத் திறந்தார். திறந்த வாயை மூட முடியவில்லை, கடல் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பேசின் எதற்கு வந்ததென்று அப்போதுதான் எல்லாருக்கும் விளங்கியது.

பன்னிரண்டரை ஆனதும் காக்கா மணியை அடித்தார். திமிங்கிலம் கிடைக்காவிட்டாலும் சோறு நேரத்துக்குக் கிடைக்க வேண்டும், அது கப்பல் சட்டம். மூடியைத் திறந்தார். பொரித்த கோழியின் மணத்துக்கு மாஸ்டர் பேசினிலிருந்து தலையைத் தூக்கினார்.

சஹன் என்றால் ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாக உண்ணும் பெரிய தட்டு. கலியாண வீட்டில் அதைப்போல ஒற்றுமை வேறில்லை. கடலில் அதற்கு ஒரு குறை இருக்கிறது. சுற்றி உட்கார்ந்தால் எல்லார் முகமும் சோற்றுக்கு, எல்லார் முதுகும் கடலுக்கு.

எனக்கு அந்நிய ஆண்கள் இருக்கும் இடத்தில் சோறு இறங்காது, நடுவில் மறைப்பு இருந்தாலும் இறங்காது. அதனால் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, ஓரமாகத் திரும்பிக் கடலைப் பார்த்தபடி இருந்தேன்.

அப்போது கடல் கறுத்தது. குளத்தில் எருமை முதுகு எழும்புமே, அப்படி ஒரு முதுகு எழும்பியது. இதோ முடியும், இதோ முடியும் என்று பார்க்கிறேன், முடியவில்லை, போய்க்கொண்டே இருக்கிறது. புஸ்ஸென்று ஒரு மூச்சு. என் முகத்தில் தண்ணீர் தெறித்தது. படகு ஒரு பக்கம் சரிந்தது.

"சஹனப் புடிங்க!" என்று யாரோ கத்தினார்கள்.

இருபத்துநான்கு பேரும் சஹனைப் பிடித்தார்கள். காக்கா கறிச்சட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டார், முதுகு கடலுக்கு. மறைப்புக்கு அந்தப் பக்கம், "காக்கா, கோழி இன்னொரு துண்டு போடுங்க" என்று மாஸ்டரின் குரல். வால் எழும்பி, கொஞ்சம் நின்று, சத்தமில்லாமல் உள்ளே போனது.

என் வாய் திறந்துதான் இருந்தது. சத்தம்தான் வரவில்லை. பக்கத்தில் இருந்த காக்காவின் மனைவியைத் தொட்டேன்.

"என்ன ராத்தா, கோழிக்கால் வேணுமா?"

கடல் மூடிவிட்டது. இனிச் சொன்னால் யார் நம்புவார்கள் என்று நானும் மூடிக்கொண்டேன்.

கரைக்கு வந்ததும் மாஸ்டர் ஏப்பம் விட்டுவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். "சாப்பாடு நூத்துக்கு நூறு. திமிங்கிலம் முட்டை."

எல்லாரும் காக்காவைப் பார்த்தார்கள். அவர் அகப்பையைப் பிடித்தபடி நின்றார். கீழே பார்த்துக்கொண்டு, "சரி சேர். இனிக் கப்பல் கதை கதைக்க மாட்டன்" என்றார்.

என்ன வந்ததோ எனக்குத் தெரியாது.

"வந்திச்சி" என்றேன்.

தெருவே திரும்பியது. முப்பது வருடமாக என் குரலைக் கேட்காதவர்கள் அதில் பாதிப்பேர்.

"கறுப்பு முதுகு. பொறகு வால். நீங்க எல்லாரும் சஹனப் புடிச்சிக்கிட்டு இரிந்தீங்க."

மாஸ்டர் தொண்டையைச் செருமினார். "ராத்தா, நீங்க நல்லாக் கண்டீங்களா? எந்த நேரம்?"

"நீங்க இன்னொரு துண்டு கோழி கேட்ட நேரம் சேர்."

அதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை. வாயே திறக்காத மனிசி பொய் சொல்லவா திறப்பாள் என்று தெரு ஒப்புக்கொண்டது. அவர் பெயரும் திரும்பக் கப்பல் காக்கா ஆனது.

மறுநாள் காலையில் படலையில் ஒரு குரல். காக்கா, கையில் மூடிய கோப்பையோடு. என் படலையிலும் செருப்பைத் தட்டிவிட்டு, ஆறடி தள்ளியே நின்றார்.

"ராத்தா, வால் எப்பிடி இரிந்திச்சி?"

"நீங்க காணாத வாலா காக்கா?"

"மேல மணி அடிக்கும் ராத்தா. எல்லாரும் ஓடுவாங்க பாக்க. அவங்க திரும்பி வரக்குள்ள சாப்பாடு மேசையில இரிக்கணும். பன்னெண்டு வருஷமும் அதான் எங்கட வேல. பீங்கான் எடுக்கப் போகக்குள்ள அவங்க கதைக்கிறத்தக் கேப்பன். நீலக்கால், ஆமை, எல்லாம் கேட்டதுதான்."

நான் இரண்டு கையையும் சேர்த்து விரித்துக் காட்டினேன். "ரெண்டு தென்னோலைய விரிச்சாப்போல."

"இன்னொரு தரம் காட்டுங்க."

காட்டினேன். மூன்றாம் தரமும் காட்டினேன். கோப்பையில் வட்டிலப்பம் இருந்தது.

இப்போது அவர் அக்கரைப்பற்றில் மகள் வீட்டோடு போய்விட்டார். அங்கே உள்ள செருப்புகள் எல்லாம் சுத்தமாக இருக்கும். போவதற்கு முந்திய வருடம் இன்னொரு தரம் எல்லாருமாக அதே படகில் போனோம். பன்னிரண்டரை நெருங்கியது. காக்கா ஒரு கையில் அகப்பையோடு மணிக்கு மறு கையை நீட்டினார். நான் எழும்பி, மறைப்பை விலக்கி, ஆண்கள் பக்கம் போய், அவர் கையிலிருந்து அகப்பையை வாங்கினேன்.

"நீங்க கடலப் பாருங்க காக்கா. சோறு நான் போடுறன்."

மாஸ்டர் முதற்கொண்டு எல்லாரும் விலகி வழி விட்டார்கள். காக்கா போய் ஓரத்தில் உட்கார்ந்தார். அன்றைக்குத் திமிங்கிலம் வரவில்லை, ஒரு உரப்பைகூட வரவில்லை. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் பங்குச் சோற்றை மூடி வைத்துவிட்டு, படகு ஆடி மணி தானாக அடித்துவிடக் கூடாதென்று, அதன் நாக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தேன்.