பிழையில்லாத பத்திரம்

இந்த இரண்டு பேரில் யார் மூத்தவர் என்று பதிவாளர் கேட்டார். கையிலிருந்த பத்திரத்தின்படி தம்பிக்கு ஐம்பத்திரண்டு வயது, அக்காவுக்கு நாற்பத்தெட்டு.

தம்பி ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவன். இருபத்தாறு வருடமாக ஊரார் எழுதியதில் குற்றம் கண்டுபிடித்துத்தான் வயிறு வளர்க்கிறான். அப்படிப்பட்டவன் தன் பத்திரத்தை ஒரு வரிகூடப் படிக்காமல் வந்திருந்தான். படிக்க மனம் வரவில்லை என்பதுதான் நிஜம்.

வீடு அப்பா விட்டுப்போனது. குடியிருப்பது தம்பி, ஆனால் பாதி அக்காவுடையது. மாடியில் ஓர் அறை கட்ட நகராட்சியில் அனுமதி கேட்டபோது, முதலில் அக்காவின் பங்கை எழுதி வாங்கி வா என்று சொல்லிவிட்டார்கள்.

ஆறு வருடத்துக்கு முன்னால், சமையலறையில் காற்று வர ஒரு ஜன்னல் வை என்று அக்கா சொல்லப்போக, "இது என் வீடு, எனக்குத் தெரியும்" என்று தம்பி ஒரு வார்த்தை விட்டான். அன்றைக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு போனவள்தான். இப்போது ஆள் அனுப்பிக் கேட்டதும், கையெழுத்துதானே, போட்டால் போயிற்று என்று சொல்லி அனுப்பினாள். சண்டைக்கு வந்திருந்தால்கூட அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அக்கா பெஞ்சின் அந்தக் கோடியில் உட்கார்ந்திருந்தாள். தம்பி இந்தக் கோடியில். நடுவில் பத்திர எழுத்தர், பாவம், இரண்டு பக்கமும் கழுத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். வயது மாறிப்போன விஷயம் தெரிந்ததும் அக்கா எழுத்தரைப் பார்த்துச் சொன்னாள்.

"அவருக்குச் சின்ன வயசுலேர்ந்தே அண்ணனாகணும்னு ஆசை. பத்திரத்துலயாவது ஆயிட்டுப் போகட்டும்."

தம்பியை 'அவர்' என்று சொன்னது சுருக்கென்றது. ஆனாலும் ஆறு வருடத்தில் அவனைப் பற்றி அவள் பேசி அவன் காதில் விழுந்த முதல் வாக்கியம் அது. திருத்திக்கொண்டு அடுத்த வாரம் வாருங்கள் என்று பதிவாளர் விரட்டியபோது, எழுத்தர் தலையில் கை வைத்துக்கொண்டார். தம்பி வழி நெடுக அந்த வாக்கியத்தை அசை போட்டபடி வீட்டுக்கு நடந்தான்.

அடுத்த வாரம் எல்லாம் சரியாக இருந்தால் அக்கா கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவாள். அதற்குப் பிறகு அவள் வர ஒரு காரணமும் மிச்சம் இருக்காது. வீட்டுக்கு வா அக்கா என்று கூப்பிட ஒரு வாய் போதும். கண்ணாடி முன்னால் நின்று கூப்பிட்டுப் பார்த்தான், நன்றாகத்தான் வந்தது. அவள் முன்னால் மட்டும் அந்த வாய் திறக்க மறுத்தது.

ஆகவே தம்பி எழுத்தரின் அலுவலகத்துக்குப் போய், எழுத்தர் இல்லாத நேரமாகப் பார்த்து, தட்டச்சு செய்யும் அம்மாளிடம் கதவு எண் பதினாலை நாற்பத்தொன்றாக மாற்றச் சொன்னான். அந்த அம்மாளுக்குக் காது சற்று மந்தம். அதனால் ரகசியம் பேசத் தெரியாது.

"பதினாலை நாப்பத்தொண்ணாவா?" என்று அவர் கேட்டது எதிர்ச் சாரியில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தவர் வரைக்கும் போனது. தம்பி பதறிப்போய் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தான். அடுத்தவன் பிழையை அழிப்பதற்கே பழகிய கை சொந்தமாக எழுதிய முதல் பிழை அது.

அடுத்த வாரம் பதிவாளர் கதவு எண்ணைப் பிடித்துவிட்டார். தம்பி உள்ளூரக் குளிர்ந்தான். ஆனால் பதிவாளர் அதோடு நிற்கவில்லை. பத்திரத்தின்படி அப்பா இறந்துபோய் நாலு வருடம் கழித்து இந்த வீட்டை வாங்கியிருந்தார்.

இது தம்பி சொன்ன பிழை இல்லை. அம்மாளுக்குக் காதோடு கண்ணும் மந்தமோ என்று அவன் யோசித்துக்கொண்டிருந்தபோது அக்கா எழுத்தரிடம் சொன்னாள். "எங்கப்பா எதையும் நிதானமாத்தான் செய்வாரு."

தம்பிக்குச் சிரிப்பு வெடித்துக்கொண்டு வந்தது. அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள், தோள் மட்டும் குலுங்கியது. அன்றைக்கு அவள் பெஞ்சின் கோடியிலிருந்து நடுப்பக்கம் நகர்ந்திருந்ததை அப்போதுதான் கவனித்தான். கிளம்பும்போது அவள் எழுத்தரிடம் இன்னொன்றும் சொன்னாள்.

"அவன் இளைச்சுட்டான். நேரத்துக்குச் சாப்பிடறானான்னு கேளுங்க."

கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருந்தவனிடம் எழுத்தர் அதை அப்படியே திருப்பிச் சொன்னார். சாப்பிடுகிறேன் என்று தம்பி எழுத்தரிடம் சொன்னான். 'அவர்' போய் 'அவன்' வந்துவிட்ட சந்தோஷத்தில் அன்றைக்கு அச்சகத்தில் மூன்று பக்கத்தைப் பிழையோடு விட்டுவிட்டு முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

மூன்றாவது தடவைக்கு நிலைமை முற்றிவிட்டது. இனி ஒரு பிழை இருந்தால் உங்கள் பத்திரம் எதையும் கையால் தொட மாட்டேன் என்று பதிவாளர் எழுத்தரிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஓர் அறை கட்டுவதற்குள் நமக்கு வயதாகிவிடும் என்று வீட்டில் மனைவி இடித்தாள். எழுத்தர் முதல் நாள் மத்தியானம் வரி வரியாக விரல் வைத்துப் படித்து, சரி என்று சொல்லிவிட்டுத்தான் சாப்பிடப் போனார்.

சாயங்காலம் தம்பி போய் அம்மாளிடம் சீட்டை நீட்டினான். வீட்டுக்குக் கிழக்கே தையற்காரர் வீடு, மேற்கே தண்ணீர்த் தொட்டிச் சந்து. அந்த இரண்டையும் இடம் மாற்றிப் போடும்படி எழுதியிருந்தான். பதிவாளர் கண்டுபிடித்தால் இன்னும் ஒரு வாரம் அக்காவைப் பார்க்கலாம். அந்த ஒரு வாரத்துக்குள் எப்படியாவது வாயைத் திறந்துவிடுவது என்று அவன் உறுதி எடுத்துக்கொண்டான்.

மறுநாள் பகல் பன்னிரண்டு மணிக்குப் பதிவாளர் பத்திரத்தை வரைபடத்தின் மேல் வைத்து உரக்கப் படித்தார். கிழக்கே தையற்காரர் வீடு. மேற்கே தண்ணீர்த் தொட்டிச் சந்து.

"எல்லாம் சரியா இருக்கு" என்றார்.

தம்பி கழுத்தை நீட்டிப் பத்திரத்தை எட்டிப் பார்த்தான். எழுத்தர் மூன்று வாரத்தில் முதல் முறையாகச் சிரித்தார். பதிவாளர் கடைசிப் பத்தியையும் படித்தார். இன்று முதல் மேற்படி வீட்டில் எனக்கோ என் வாரிசுகளுக்கோ எந்த உரிமையும் இல்லை. என் வீடு என்று அன்றைக்குச் சொன்னது, இதோ, முத்திரை குத்தி நிஜமாகப் போகிறது. எழுந்து போய் அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட வேண்டும்போல் இருந்தது அவனுக்கு.

அக்கா பேனாவை வாங்கினாள். மூடியைக் கழற்றினாள், மறுபடி மாட்டினாள். அவள் முகமும் ஏனோ வெளுத்திருந்தது. எல்லையெல்லாம் சரிதானா, இன்னொரு தடவை பார்த்துவிடுங்களேன் என்று பதிவாளரிடம் கேட்டாள். பதிவாளர் இன்னொரு தடவை பார்த்தார். இன்னொரு தடவையும் சரியாகவே இருந்தது.

தட்டச்சு அம்மாள் நகல்களை மார்போடு அணைத்தபடி கதவோரம் நின்றிருந்தார். தம்பி நழுவிப் போய், நேற்றுச் சொன்னதை ஏன் செய்யவில்லை என்று அவர் காதோடு காதாகக் கேட்டான்.

அலுவலகம் முழுக்கக் கேட்கிற மாதிரி அம்மாள் பதில் சொன்னார். "செஞ்சேனே சார். நேத்து சாயங்காலம் நீங்க வந்து கிழக்கையும் மேற்கையும் மாத்தச் சொன்னீங்க, மாத்தினேன். இன்னைக்குக் காலையில உங்கக்கா வந்து அதையே மாத்தச் சொன்னாங்க, திருப்பி மாத்தினேன். போன தடவை மாதிரி ஆளுக்கொரு தப்பா சொல்லியிருந்தா ரெண்டும் நின்னிருக்கும்."