சிலையை டீ குடிக்க அனுப்பியவர்

கற்சிலையை டீ குடிக்க அனுப்பிவைத்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர், மராத்திக்காரர்கள் ஊரில் தமிழர்களும் நிறைந்த எங்கள் போபோடியில் இருந்தார். பெயர் ரிலீவர். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று ரேஷன் கார்டில் இருந்திருக்கும். அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டிருந்தால் அவரே திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்.

ஃபேக்டரி கேட்டில் காவல் பார்த்து ரிட்டையர் ஆனவர். அந்த வேலையில் ஒரே ஒரு சட்டம்தான். அடுத்த ஷிஃப்டுக்கு மாற்றாள் வந்து, "சப் டீக்?" என்று எல்லாம் சரிதானா என விசாரித்து, இவர் "சப் டீக்" என்று சொல்லி ஒப்படைக்கும் வரை, வானமே இடிந்து விழுந்தாலும் இடத்தை விட்டு நகரக் கூடாது. அந்த மாற்றாளுக்குத்தான் ரிலீவர் என்று பெயர். தன் கல்யாணத்தன்றைக்கு மாற்றாள் தாமதமாக வந்ததால், மனிதர் யூனிஃபார்மோடு மண்டபத்துக்கு ஓடி, லத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே தாலி கட்டினாராம். அவர் மனைவியே சொன்னதால் பாதியாவது நிஜமாக இருக்கும்.

எங்கள் சௌக்கில், அதாவது நாற்சந்தியில், ஒரு போர் நினைவிடம். சின்னதுதான். துப்பாக்கியைத் தலைகீழாக ஊன்றி, தலை குனிந்து நிற்கும் சிப்பாய் சிலை. கீழே பளிங்கில் ஆறு பெயர்கள். ஆறு பேரும் எங்கள் சந்துகளிலிருந்து பட்டாளத்துக்குப் போய்த் திரும்பி வராதவர்கள். நாங்கள் அதைச் சுற்றி ஆட்டோ நிறுத்துவோம். ஆகஸ்ட் பதினைந்துக்கு மாலை போடுவோம். மற்ற நாளெல்லாம் "சிலைகிட்ட நில்லு, வந்துடறேன்" என்று அடையாளம் சொல்வோம். எங்கள் தேசபக்தி அதோடு சரி.

ரிட்டையரான மறுநாள் அங்கே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர், சிலையை நிமிர்ந்து பார்த்தார். டீக்கடைக்காரரிடம் கேட்டார்: "இவரு எப்பலேர்ந்து நிக்கிறாரு?"

"நான் கடை போடறதுக்கு முன்னாடிலேர்ந்து."

"மாத்த ஆளு வரலியா?"

டீக்கடைக்காரர் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை. மறுநாள் நாலு மணிக்கு இஸ்திரி போட்ட காக்கிச் சட்டையில், கையில் அரை கிளாஸ் கட்டிங் டீயோடு சிலைக்கு முன்னால் போய் நின்றார். "சப் டீக்?" என்றார். பதிலையும் அவரே சொல்லிக்கொண்டார். டீயைப் பீடத்தில் வைத்து, "போய் டீ குடிச்சிட்டு, கால நீட்டி உக்காந்துட்டு மெதுவா வா நைனா. நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் பத்து நிமிஷம் விறைப்பாக நின்றார். முடிந்ததும் அந்த டீயை எடுத்துக் குடித்தார். "அவரு ஒரு வாய் குடிச்சிட்டு வெச்சிட்டாரு. வேஸ்ட் பண்ணக் கூடாது பாரு" என்று எங்களுக்கு விளக்கம் வேறு.

அன்றிலிருந்து தினமும் இதே கதை. சிலை ஒன்று, பெயர் ஆறு என்பதால் டூட்டியும் போட்டுக் கொடுத்தார். திங்கள் ஏழுமலை, செவ்வாய் ஷிந்தே, புதன் அந்தோணி என்று சனி வரை. ஞாயிறு ஆறு பேருக்கும் வார விடுமுறை. அன்றைக்கு ரிலீவரே மாலை முழுக்க நிற்பார். செவ்வாயன்று யாராவது ஏழுமலையைப் பற்றிப் பேச்செடுத்தால், "இன்னிக்கு அவரு லீவு, நாளப்பின்ன பேசிக்கலாம்" என்று அடக்கிவிடுவார்.

வியாழன் பழனி. பழனியின் அக்கா எங்கள் சந்தின் கடைசி வீட்டில்தான் இருக்கிறார். கூத்து காதுக்கு எட்டி, ஒரு வியாழக்கிழமை விடுவிடுவென்று வந்தார். இன்றைக்கு ரிலீவருக்கு நல்ல பூசை உண்டு என்று நாங்கள் வசதியான இடமாகப் பார்த்து நின்றோம். அக்கா இடுப்பில் கை வைத்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்து நிமிஷமும் முடிந்தபின், "என் தம்பி டீ குடிச்சானா?" என்றார்.

"குடிச்சாச்சும்மா. சக்கர கம்மின்னாரு."

"ஆமா. அவனுக்கு நாலு ஸ்பூன் வேணும்."

அடுத்த வியாழனிலிருந்து டீ அக்கா வீட்டிலிருந்து வந்தது. அந்தப் பாயசத்தை ரிலீவர் முகம் சுளிக்காமல் குடித்தார். அவருக்குச் சர்க்கரை வியாதி.

பெரிய கூத்து எங்கள் வார்டு கவுன்சிலர், அதாவது கார்ப்பரேட்டர், வந்த அன்று நடந்தது. எலெக்ஷன் நேரம். பேண்டு, மாலை, போட்டோகிராஃபர் சகிதம் சரியாக டீ நேரத்தில் வந்து இறங்கினார். ரிலீவர் குறுக்கே கை நீட்டினார். இருவரும் இந்தியில் மோதிக்கொண்டதைத் தமிழில் தருகிறேன்.

"ஆள் இல்ல சார். டீ குடிக்கப் போயிருக்காரு."

"யார் இல்ல?"

"சிப்பாய்."

"இதோ நிக்குதே!"

"அது யூனிஃபார்ம் சார். ஆள் வர அஞ்சு நிமிஷம் ஆகும்."

கார்ப்பரேட்டர் அவரைத் தள்ளிவிட்டுப் போயிருப்பார். ஆனால் சுற்றிலும் செல்போன்கள் உயர்ந்துவிட்டன. நினைவிடத்தில் காக்கி போட்ட பெரியவரைத் தள்ளினால் ஓட்டு என்னாவது? டீக்கடை ஸ்டூலில் உட்கார்ந்து காத்திருந்தார். பேண்டுக்காரர்கள் பொழுது போகாமல் கல்யாணப் பாட்டு வாசித்தார்கள். ஐந்து நிமிஷம் கழித்து, "வந்துட்டாரு, போடுங்க" என்று அனுமதி கிடைத்தது. மாலையைப் போட்ட கார்ப்பரேட்டர், தன்னையறியாமல் சிலையிடம் "ஸாரி, தொந்தரவு பண்ணிட்டேன்" என்று முணுமுணுத்ததை இந்த இரண்டு காதாலும் கேட்டேன்.

"மாமா, இது கொஞ்சம் ஓவராத் தெரியல?" என்று அன்றைக்குக் கேட்டுவிட்டேன்.

"இன்னா ஓவரு? இவங்கள்லாம் எப்டி செத்தாங்க? போஸ்ட உட்டு நகரக் கூடாதுன்னு நின்னாங்கபா. நேரத்துக்கு மாத்தாளு வந்திருந்தா பாதிப் பேரு ஊட்டுக்கு வந்திருப்பாங்க."



பிறகு அவர் மனைவி போய்ச் சேர்ந்தார். ரிலீவரின் முழங்கால் இரண்டும் மக்கர் பண்ண ஆரம்பித்தன. கொஞ்சம் தள்ளி வாகட்டில் ஃபிளாட் வாங்கியிருந்த மகன், அப்பாவைத் தனியே விடக் கூடாது என்று காரோடு வந்தான். பெட்டி ஏறிவிட்டது. ரிலீவர் ஏறவில்லை. சிலையடியில் நின்றுகொண்டு, "மாத்த ஆளு வரல. நான் எப்டி வர்றது?" என்றார்.

"அப்பா, ப்ளீஸ்பா, அது ஸ்டாச்சு" என்று மகன் கெஞ்சினான். மழை தூற ஆரம்பித்தது. ஆட்டோக்காரர்கள் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் சவாரி கிடைத்துவிட்டது. டீக்கடைக்காரர் பாலைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். ரிலீவரின் கால்கள் வெடவெடவென்று ஆடின. இன்னும் சற்று நேரத்தில் விழுந்துவிடுவார், ஆனால் நகர மாட்டார் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது.

கையில் கொத்தமல்லிக் கட்டோடு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த நான், அவர் முன்னால் போய் நின்று, "சப் டீக்?" என்றேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தார். "கொத்தமல்லிய கீழ வை."

வைத்தேன்.

"தொப்பைய உள்ள இழு."

முடிந்தவரை இழுத்தேன்.

"சப் டீக்" என்று சல்யூட் அடித்துவிட்டு, மகன் தோளைப் பிடித்துக்கொண்டு காரில் ஏறினார்.

வாகட்டிலும் மனிதர் சும்மா இல்லை. அபார்ட்மெண்ட் செக்யூரிட்டிகளை முறை போட்டு டீ குடிக்க அனுப்பிவிட்டு, கேட்டில் தானே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறாராம். ஆபீஸிலிருந்து வந்த சொந்த மகனையே "எந்த ஃபிளாட்டு? யாரைப் பாக்கணும்?" என்று நிறுத்தியதில் கமிட்டி வரை பஞ்சாயத்து போயிருக்கிறது.

அன்றைக்கு அவரைக் காரில் ஏற்றுவதற்காக மட்டும் நின்றவன் நான். இன்றும் நாலு மணிக்கு நிற்கிறேன். என்ன செய்வது, என்னை மாற்ற யாரும் வரவில்லையே. தினமும் அவரிடமிருந்து போன் வரும், "சப் டீக்?" என்று. வியாழனன்று, "நாலு ஸ்பூன்தானே?" என்றும் கேட்பார். முழங்கால் ஆபரேஷன் முடிந்ததும் வந்து என்னை மாற்றிவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

அவசரமே இல்லை மாமா. டீ குடிச்சிட்டு, கால நீட்டி உக்காந்துட்டு மெதுவா வாங்க. நான் பாத்துக்கறேன்.